மதகைக் காப்பார் யார்?

ஆரணியின் நெசவாளர் தெருக்களில் தண்ணீர் ஆண்டுக்கு இருமுறை வேலையை நிறுத்துகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் குழித்தறியின் பள்ளத்தில் ஊற்றெடுக்கும். மிதிபலகை நீரில் மூழ்கும். ஈரக்காற்றில் பாவு தொய்யும். நெசவாளர் தறியை விட்டெழுந்து திண்ணையில் அமர்ந்துவிடுவார். சித்திரை, வைகாசியில் அதே வீட்டு வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையிட்டு நிற்கும். தார் சுற்ற வேண்டிய பெண்ணின் கைகள் குழாயடியில் காத்துக் கிடக்கும். ஆறு மாத இடைவெளியில் அழையாமல் வந்த நீரும், அழைத்தும் வாராத நீரும் ஒரே மழையின் நீர்தான். வந்தபோது அதைப் பிடித்து வைக்க ஆளில்லை. இந்நகரின் நீர்ச்சிக்கல் அந்த ஆளின்மையில் தொடங்குகிறது.

கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஊர் இது. ஆறு அணிசெய்யும் ஊர் ஆதலின் ஆரணி ஆயிற்று என்று பெயர்க்காரணம் கூறுவோர் உளர். சவ்வாது மலையின் படவேட்டுப் பக்கமிருந்து கமண்டல நதியும், அமிர்திக் காட்டுப் பக்கமிருந்து நாகநதியும் இறங்கி, ஒன்றாகி, இந்நகரைத் தொட்டுச் சென்று செய்யாற்றில் கலக்கின்றன. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. முனிவர் ஒருவரின் கமண்டலத்திலிருந்து பெருகிய ஆறு என்பது தலபுராணம். கமண்டலம் என்பது நடந்து செல்லும் துறவி அடுத்த நீர்நிலை வரும்வரை தாகத்துக்கு வைத்துக்கொள்ளும் கலம். சேமிப்புக் கலத்தின் பெயரையே தாங்கிய ஆற்றின் கரையில் சேமிப்பு இல்லாமற்போனது நகைக்கத்தக்கதா, வருந்தத்தக்கதா என்று நாம் ஆராயப் புகவில்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆரணி நகராட்சியின் மக்கள்தொகை 63,671. 2021இல் எடுக்கப்பட வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027ஐ நோக்கி நிற்கிறது. ஆகவே இந்நகருக்கு எத்தனை குடம் நீர் வேண்டும் என்று இன்று திட்டமிடுபவர் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய தலைக்கணக்கை வைத்தே திட்டமிடுகிறார். அந்தக் கணக்கிலும் பகல்நேர ஆரணி இல்லை. சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் எனச் சூழ உள்ள தறியூர்களிலிருந்து பாவும் ஊடையும் சரிகையும் சேலையுமாக நாள்தோறும் வந்து போவோர், நெல்லோடு வருவோர், படிக்க வருவோர் யாவரும் பகலெல்லாம் இந்நகரின் நீரையே அருந்துகிறார்கள். இரவில் வேறூரில் உறங்குவதால் கணக்கில் வேறூரார் ஆகிறார்கள். 1973 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆரணிக்குத் திரும்பத் திரும்ப வந்து இதன் வணிகத்தையும் உழைப்பையும் ஆராய்ந்த ஆக்ஸ்போர்டு அறிஞர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டும் அவருடைய குழுவினரும், இந்நகரை அதன் கிராமங்களிலிருந்து பிரித்து அறிய இயலாது என்பதை நூலாகவே எழுதியுள்ளனர். நீர் வழங்கும் அலுவலகங்களுக்கு மட்டும் நகராட்சி எல்லைக்கல் இன்னும் உலகத்தின் விளிம்பாக இருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்ட அளவு. அந்த உயர்ந்த அளவையே ஆரணிக்கும் கொடுப்பதாகக் கொள்வோம். 63,671 பேருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 86 லட்சம் லிட்டர் வேண்டும். மலைப்பாகத் தோன்றும் எண்தான். இதன் பக்கத்தில் மற்றோர் எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். படவேட்டுக்கு மேலே, மலையடியில், கமண்டல நதியின் குறுக்கே கட்டப்பட்ட செண்பகத்தோப்பு அணையின் உயரம் 62.32 அடி, கொள்ளளவு 287.20 மில்லியன் கன அடி. லிட்டரில் சொன்னால் 813 கோடி. ஒருமுறை நிரம்பிய அந்த அணை, வெயில் உறிஞ்சுவதையும் உழவர் உரிமையையும் ஒதுக்கிவைத்து வெறும் ஏட்டுக்கணக்காகப் பார்த்தால், ஆரணி நகருக்கு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் குடிநீர் தரும்.

அணை முழுவதையும் நகரத்துக்குக் கொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அது பாசனத்துக்காகக் கட்டப்பட்டது; ஆற்றின் வழியே பல ஏரிகள் அதனை நம்பியிருக்கின்றன; அவ்வேரிகளின் ஆயக்கட்டில் விளையும் நெல்லே ஆரணி அரிசி என்று சந்தையில் பெயர்பெறுகிறது. நாம் சொல்ல வந்தது, நகரத்தின் தேவை இயற்கையின் கொடைக்கு முன் எவ்வளவு சிறியது என்பதையே. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பாலைவனத்தில் யாரும் பட்டு நெய்யவில்லை.

இந்த அணையின் வரலாற்றை ஆரணியில் பிறந்த ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். 2007இல் கட்டி முடிக்கப்பட்டது. மதகுகளின் கதவுகள் பழுதாயின. ஆகவே நீரை முழு அளவுக்குத் தேக்க இயலவில்லை. ஓராண்டு, ஈராண்டு அன்று, பதின்மூன்று ஆண்டுகள். 2020இல்தான் கதவுகள் சீர்செய்யப்பட்டு, அவ்வாண்டின் கார்த்திகை மழையில் அணை தன் நிறைவைக் கண்டது. கல்லும் கரையும் நின்றன, மலை நின்றது, ஆறு வந்தது, கதவு மட்டும் மூடவில்லை. இடைப்பட்ட அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் 2015 இருந்தது. வட தமிழ்நாடே வெள்ளத்தில் மிதந்த ஆண்டு அது. அடுத்த ஆண்டாகிய 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. வெள்ள ஆண்டும் வறட்சி ஆண்டும் அடுத்தடுத்து வந்தன. முன்னதன் நீரைப் பின்னதற்கு எடுத்துச் செல்லவே அணை என்பதைக் கண்டுபிடித்தார்கள் நம் முன்னோர். நம் காலத்திலோ இரண்டுக்கும் நடுவே கதவில்லாத அணையொன்று நின்றது.

ஒரு கதவைச் சீர்செய்யப் பதின்மூன்று ஆண்டுகள் ஆனதற்கு யாரைக் குற்றம் சொல்வது? பெயர் சொல்லிச் சுட்டும்படி ஒருவர் இருந்திருந்தால் சிக்கல் இவ்வளவு நாள் நீடித்திராது. புதிய அணைக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பழைய அணையின் மதகுத் திருகுக்கு எண்ணெய் இட்டவருக்குக் கல்வெட்டு வைத்த நாட்டை நாம் கேள்விப்பட்டதில்லை. கட்டுவதற்குரிய பணம் ஒரு கணக்கிலும், காப்பதற்குரிய பணம் வேறொரு மெலிந்த கணக்கிலும் எழுதப்படுகின்றன. மாவட்டத்தில் சாத்தனூர் உண்டு: 119 அடி உயரம், 7,321 மில்லியன் கன அடி; காமராசர் ஆட்சியில் 1958இல் முடிந்தது. குப்பநத்தம் உண்டு, மிருகண்டா நதி அணை உண்டு. நான்கு அணைகள் உள்ள மாவட்டம் இது. ஐந்தாவது ஒன்று வேண்டுமென்று கேட்பதற்கு முன், நான்கின் மதகுகளும் இன்று மூடுகின்றனவா, திறக்கின்றனவா என்று கேட்பதே அறிவுடைமை.

கல்வெட்டைப் பற்றிச் சொன்னோம். செய்யாறு கீழே இறங்கிச் செல்லும் வழியில் உள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. குடவோலை முறைக்காக அவற்றைக் கொண்டாடுகிறோம். மேடைதோறும் மக்களாட்சியின் தொட்டில் என்று முழங்குகிறோம். அந்தக் கல்வெட்டுகள் யாரைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசுகின்றன என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். அவை பேசும் வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு 360 நாள் பதவி. அதற்கு முன் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர இயலாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கணக்குக் காட்டாதவரின் மைத்துனனுக்குக்கூடப் பதவி மறுத்த ஊர் நம் ஆற்றின் வழியில்தான் இருக்கிறது.

தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. பல்லவ மகேந்திரவர்மன் பெயர் சொல்லும் மகேந்திரவாடி ஏரியும், பல்லவர் காலத்தில் சித்திரமேக தடாகம் எனப்பட்ட மாமண்டூர் ஏரியும் நம் அண்டை ஊர்களின் உடைமைகள். தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உண்டு. இவை தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேலேரியின் கோடி போன நீர் கீழேரிக்கு வரத்து. கீழேரியின் கோடி அதற்கும் கீழே உள்ளதற்கு வரத்து. ஏரி நிறைந்து கோடி போகும் நாளில் ஊர் கூடிக் கற்பூரம் காட்டி, மஞ்சளும் பூவும் நீரில் விட்டு, கெடா வெட்டுவது நம் பக்கத்து வழக்கம். அந்த மகிழ்ச்சியில் அடுத்த ஊருக்கு இனி நீர் போகும் என்ற அறிவும் கலந்திருந்தது. இடையில் ஒரு வரத்துக்கால் அடைபட்டால் கீழே உள்ள ஏரிகள் யாவும் பட்டினி. இன்று அடைபட்ட வரத்துக்கால்களின் மேல் வீட்டுமனைகளுக்கு அழகிய பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. மனை வாங்கியவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஓடையைப் பட்டா நிலமென்று ஏட்டில் காண்பித்தவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள்.

ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு நீர்க்கட்டி இருந்தார். எந்த வயலுக்கு எந்நேரம் மடை திறப்பது, எப்போது அடைப்பது என்பது அவர் கையில் இருந்தது. அறுவடையில் அவருக்குக் களத்திலேயே நெல் அளந்தார்கள். அடைமழை இரவில் கரையைச் சுற்றி நண்டு வளையையும் எலி வளையையும் தேடி அடைத்தவர் அவர். அப்பணி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார் தலையில் சுமத்தப்பட்டதையும், ஏரியின் முதல் நீர் யார் வயலுக்குப் போயிற்று என்பதையும் மறைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நாம் விரும்பவில்லை. ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடுவதைக் குறிக்கும் குடிமராமத்து என்ற இனிய சொல்லின் பின்னே 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் நின்றதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நீர்க்கட்டியைச் சாதியின் பிடியிலிருந்து விடுவித்து, ஊதியமும் மதிப்பும் தந்து, அரசுப் பணியாளராக்கியிருக்கலாம். நாம் அவரை விடுவிக்கவில்லை, இல்லாமற் செய்துவிட்டோம். 2017இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டபோது மண் வெட்டும் இயந்திரங்கள் வந்தன, வண்டல் போயிற்று, கரை உயர்ந்தது. நீர்க்கட்டி வரவில்லை.

அவர் ஏன் தேவையற்றவர் ஆனார்? பம்புசெட் வந்ததால். ஏரி நீருக்கு ஊர் கூட வேண்டும். கிணற்று நீருக்கு ஒரு பொத்தான் போதும். 1973–74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் வட ஆர்க்காட்டு ஊர்களில் பசுமைப் புரட்சியை ஆராய வந்தனர். அவர்களுடைய நூல் 1977இல் வெளிவந்தது. அக்குழுவில் இருந்த இலங்கைப் புவியியலறிஞர் மத்தும பண்டார, கிணறுகள் பெருகும் வேகத்தில் நிலத்தடி நீர் தாழ்வதைக் குறித்து அந்நூலில் எழுதினார். எச்சரிக்கை வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதற்குப் பின்னர் உழவர்க்கு இலவச மின்சாரம் வந்தது. வறிய உழவனுக்கு அது உயிர்நீர். அதனைப் பறிக்கச் சொல்லும் பட்டணத்து மேதைகளோடு நாம் உடன்படவில்லை. ஆயினும் விலையில்லா மின்சாரம் இறைத்த நீருக்கு எங்கோ ஒரு விலை எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது என்பதை மறுக்க இயலாது. நம் மாவட்டத்தின் அடித்தளம் கருங்கற்பாறை. மேலே சில பத்தடி தளர்ந்த மண். அதன் கீழே பாறையும் வெடிப்புகளும். அவ்வெடிப்புகளில் தங்கும் நீர் பாறையின் பருமனில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு. 500 அடி, 800 அடி என்று துளையிடுவோர் புதிய நீரைத் தேடிச் செல்லவில்லை. பக்கத்து வயலின் நீரை இன்னும் கீழிருந்து எடுக்கச் செல்கிறார்கள்.

சட்டம் இல்லையா என்பார். இருந்தது. 2003இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. முழுமையாக நடைமுறைக்கு வராமலே பத்தாண்டுகள் இருந்தது. 2013இல் நீக்கப்பட்டது. பிறந்த குழந்தைக்குப் பெயர் சூட்டியும் நடக்கவிடாமல், பத்தாவது வயதில் ஈமக்கடன் செய்தது போன்ற செயல்.

ஆற்றைப் பற்றியும் ஒரு சொல். நம் ஆறுகளை வறண்ட ஆறு என்பது கண்ணின் பிழை. மணலுக்குள் நீர் இருந்தது. பாலாற்றிலும் செய்யாற்றிலும் கோடையில் மணலை வாய்க்காலாகப் பறித்து ஊற்றுக்கால் அமைத்து வயலுக்கு நீர் கொண்டுபோனவர்கள் நம் உழவர்கள். மணல் என்பது வெயில் தொடாத சேமிப்புத் தொட்டி. நம் பகுதியில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டொன்றுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட உயரம் ஆவியாகிறது. ஆழமில்லாத ஏரியின் பெரும்பகுதியை வெயிலே குடித்துவிடும். மணலுக்குள் இருக்கும் நீரை வெயில் அப்படித் தொட முடியாது. அந்தத் தொட்டியை லாரி லாரியாக அள்ளி விற்றுவிட்டு, அதே ஊரில் கான்கிரீட் தொட்டி கட்ட மதிப்பீடு கேட்கிறோம். அதற்கும் அதே மணல்.

மனம் நிறைவு கொள்ளும்படி நம் ஆற்றில் ஒன்று நடந்திருக்கிறது. நாகநதியின் மேற்பகுதியில், வேலூர் மாவட்டத்து ஊர்களில், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான பெண்கள், தன்னார்வலர் துணையுடன், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளையும் சிறு தடுப்புகளையும் கட்டினார்கள். ஓடையின் குறுக்கே கல்லடுக்கு. அதன் மேற்புறத்தில் உறைகளை இறக்கிக் கல்லும் ஜல்லியும் நிரப்பிய குழி. வெள்ளம் தயங்கி நின்று குழிவழி உள்ளே இறங்கும். பெரிய பொறியியல் இல்லை. பல நூறு இடங்களில் திரும்பத் திரும்பச் செய்வதே அதன் வலிமை. 2021 செப்டம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் நாகநதியின் மீட்சியைக் குறிப்பிட்டார். நாடு பாராட்டிய பின்னும், அவ்வாற்றின் கீழ்க்கரையில் உள்ள நாம் அப்பெண்களுக்கு நன்றி சொன்னோமா? அக்கிணறுகளும் வண்டல் படிந்து அடைபடக் கூடியவை. ஆண்டுதோறும் கிளறிக் கழுவ ஆள் வேண்டும். அதற்குரிய கூலியில் ஒரு பங்கை, பயன்பெறும் நகரம் தருவதே நேர்மை.

பட்டைப் பற்றிப் பேசாமல் ஆரணி நீரைப் பற்றிப் பேசி முடியாது. கச்சாப் பட்டிழையின் எடையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு பசை. சவர்க்காரமும் சோடாவும் இட்ட கொதிநீரில் அதனை நீக்கினால்தான் இழையில் ஒளி பிறக்கும். பிறகு அலச வேண்டும். சாயம் ஏற்ற வேண்டும். சாயம் ஒட்டாது நின்றதை மீண்டும் அலச வேண்டும். கடின நீரில் சவர்க்காரம் நுரைக்காது. வெண்படிவம் இழையில் ஒட்டி நிறம் மங்கும். ஊரின் நீரே பட்டின் மெருகு என்று பழைய சாயக்காரர்கள் பெருமைபேசியது வெறும் ஊர்ப்பற்று அன்று. வேதியியலும் அதற்குச் சான்று. ஆழம் போகப் போக நீர் உப்பேறுகிறது. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று வீட்டுக்கு இரண்டு தண்ணீர் வந்துவிட்ட ஊரில் புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு எந்தத் தண்ணீரில் தோயும்?

சாயத்தொழிலின் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. தோய்த்த நீர் கால்வாயில் போகிறது. கால்வாய் ஆற்றில் போகிறது. ஆறு பிறருடைய கிணற்றில் போகிறது. சிறு சாயக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டுமென்பது நடவாத கட்டளை. அவர்களுக்குப் பொதுவாக ஒன்றை அமைத்து, தெளிந்த நீரை அலசலுக்கே திருப்பித் தருவது நடக்கக்கூடியது. நெல் ஊறவைக்கும் ஆலைகளின் நீருக்கும் அதே நெறி.

நகருக்குள் வருவோம். இந்திய நகரங்களில் குழாயில் விடப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கசிவாகவும் கள்ள இணைப்பாகவும் கணக்கில் வராமல் போகிறது என்பது பலகாலமாகச் சொல்லப்படுவது. ஒருநாள் விட்டு ஒருநாள், ஒருமணி நேரம் நீர் விடும் ஊரில் இன்னொரு கொடுமை உண்டு. அந்த ஒரு மணியில் தரைத்தொட்டி உள்ள வீடு குழாயில் மோட்டாரைப் பொருத்தி 5,000 லிட்டர் இழுத்துக்கொள்ளும். ஒற்றை அறையில் தறியும் அடுப்பும் குழந்தைகளுமாக வாடகைக்கு இருக்கும் நெசவாளர் வீடு பத்துக் குடம் பிடிக்கும், 150 லிட்டர். இருவருக்கும் ஒரே வரிசை, ஒரே நேரம், ஒரே நகராட்சி. ஊர் பொதுவாகச் சேமிக்காத இடத்தில் சேமிப்பு உள்ளவனின் தனியுரிமை ஆகிவிடுகிறது. மேல்நிலைத் தொட்டிகளை மிகுத்து, நாளும் குறித்த நேரத்தில் குறைந்த நீரேனும் தவறாமல் விட்டால், மோட்டார் வைப்பவனின் அச்சமே பாதி தணியும். நாளை வருமோ என்ற ஐயந்தான் இன்று 5,000 லிட்டரை இழுக்கிறது.

மழைநீர் சேகரிப்பு 2003இல் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கப்பட்டது. நல்ல சட்டம்; ஆனால் குழித்தறி உள்ள வீட்டை அது அறியாது. தறிக்குழிக்கு நாலடி தள்ளி ஓர் உறிஞ்சுகுழி வெட்டி, கூரைநீரை எல்லாம் அதில் இறக்கினால், அந்நீர் அடுத்த நாளே தறிக்குழியில் எட்டிப் பார்க்கும். நெசவாளர் அதை மூடிவிட்டால் சட்டத்தை மீறியவர் ஆகிறார்; மூடாவிட்டால் பிழைப்பை இழக்கிறார். 50 சதுர மீட்டர் கூரையில் விழும் 1,000 மில்லிமீட்டர் மழையில் சிந்தியது போக 40,000 லிட்டர் பிடிக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 7,300 லிட்டர் போதும். தறித்தெருக்களின் கூரைநீரை மூடிய தொட்டியில் பிடித்து, மிகுதியைத் தெருவாரியாகத் தொகுத்து, தள்ளியிருக்கும் பொதுக்கிணற்றிலோ நகர்நடுவே உள்ள சூரியகுளத்திலோ சேர்த்தால் ஐப்பசியின் ஊற்றும் குறையும், சித்திரையின் குடவரிசையும் குறையும். இதற்கு வேண்டியது, சட்டம் எழுதுவோர் ஒருநாள் ஒரு தறியின் அருகே அமர்ந்து பார்ப்பது.

2019 சூலையில் நம் மலைக்கு அப்பால் உள்ள சோலையார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீர் ஏற்றிக்கொண்டு சென்னைக்குத் தொடர்வண்டி போயிற்று. தலைநகருக்குத் தொடர்வண்டி வரும், ஆரணிக்கு வராது. அதற்கு முந்தைய ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பிட்டுக் குழாய்களை மூடாமலே கோடையைக் கடந்தது. அணையில் எவ்வளவு நீர் எஞ்சியிருக்கிறது என்பதை அந்நகர மக்கள் நாள்தோறும் கிரிக்கெட் எண்ணிக்கைபோல் அறிந்திருந்தனர். நம் நகரில் செண்பகத்தோப்பு நீர்மட்டத்தைச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? பட்டு விலையையும் தங்கத்தின் விலையையும் நாள்தோறும் கேட்டறியும் ஊர் இது. பேருந்து நிலையத்தில் ஒரு கரும்பலகை போதும். அணையில் இத்தனை அடி, ஏரிகளில் இத்தனை பங்கு, நகருக்கு நேற்று விட்டது இத்தனை லட்சம் லிட்டர், வழியில் இழந்தது இத்தனை என்று சுண்ணக்கட்டியால் எழுதி, எழுதியவர் கையொப்பமிட வேண்டும். உத்திரமேரூரார் கேட்டதும் இதைத்தான்.

அடுத்தது, அணைநீரில் நகரத்தின் பங்கு எவ்வளவு என்பதை உழவரும் நகரத்தாரும் ஒரே அவையில் அமர்ந்து பேசி எழுத வேண்டும். வறட்சி வந்தபின் ஆட்சியர் ஆணையால் பறிப்பது நீர்ப்பகிர்வு ஆகாது. நல்ல மழையாண்டில், இரு தரப்பாரின் வயிறும் நிறைந்திருக்கும்போதே அந்தப் பேச்சு நடக்க வேண்டும். நகரம் தான் பெறும் பங்குக்கு ஈடாக வரத்துக்கால் பராமரிப்புச் செலவை ஏற்க வேண்டும். தெளிவித்த கழிவுநீரைப் பாசனத்துக்குத் தர வேண்டும். மதகுக்கென்று பெயரும் ஊதியமும் பொறுப்பும் உள்ள ஆட்கள் அமர்த்தப்பட வேண்டும். அவர்கள் இடமாறிச் சென்றால் பொறுப்பேற்றவர் யார் என்பதும் அதே கரும்பலகையில் வர வேண்டும்.

ஆடி வெள்ளிகளில் ஆரணியிலிருந்து படவேட்டு ரேணுகாம்பாளைக் காணப் பேருந்து பேருந்தாக மக்கள் செல்கிறார்கள். கோவிலிலிருந்து மலைநோக்கிச் சற்றுத் தொலைவிலேயே அணை இருக்கிறது. பொங்கல் வைத்து முடித்தவர்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அதுவரை போய்வரலாம். மதகுகளின் திருகில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, துரு இருக்கிறதா என்பது கரையில் நின்றாலே தெரியும். வடகிழக்கு மழைக்கு அப்போது இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்.